‘கேஸ்’ என்று சொல்லும் அம்மாக்களுக்கு ஒரு ஈசிஜி

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண் நெஞ்சை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது, தாடையும் முதுகும் வலிக்கிறது என்றால் வீட்டில் முதலில் வரும் சொல் ‘கேஸ்’, அதாவது வாயு. ஓமத்தண்ணீர், மருந்துக்கடையில் ஒரு அசிடிட்டி மாத்திரை என்று ராத்திரி கழிந்துவிடுகிறது. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. அதோடு குமட்டல், அசதி, தாடை வலி ஆண்களைவிட அதிகம் சேர்ந்து வருவதால் இதயத்தின் பக்கம் யாருக்கும் நினைப்பு போவதில்லை.

மாதவிடாய் நின்று, சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும் ஓரிரு ஆண்டுகளிலேயே எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு ஏறுகிறது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது, ரத்தக்குழாய்கள் விறைக்கின்றன. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்று சொல்லும் பலருக்குச் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பது தெரியாது. இளவயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் அன்றிலிருந்தே ஈஸ்ட்ரோஜன் நின்றுவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிபி, சர்க்கரை பார்க்கிறார்கள். மிக நல்ல வேலை. அப்போதே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: மாதவிடாய் எந்த வயதில் நின்றது, சினைப்பை எடுக்கப்பட்டதா, கர்ப்பகாலத்தில் பிபியோ சர்க்கரையோ இருந்ததா. பிரசவத்தோடு ‘சரியாகிவிட்ட’ பிபி, பிற்காலத்து இதயநோய்க்கான முன்னறிவிப்பு. பிபி பார்க்கும்முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவருக்கு உடனே பட்டையைக் கட்டினால் அளவு தவறும்.

நெஞ்சில் அசௌகரியம் என்று வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. வலி நீடித்தால் 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். இதயத்தசை பாதிக்கப்பட்டால் வெளிவரும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். வந்தவுடன் பார்த்த ஒரு ரத்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஈசிஜி எடுத்தால்தான் அந்த மாத்திரைகள் ஒரு பெண்ணின் கைக்கு வரும். வீட்டில் வாங்கி வைத்துத் தாமாகப் போட்டுக்கொள்ளும் மருந்துகள் அல்ல அவை. நெஞ்சு அடைத்தால் பஸ் பிடிக்க வேண்டாம், மகன் வேலைவிட்டு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
இதய நோய், மகளிர் நல மருத்துவர்கள் சிலர்,
திருச்சி