சுருங்கை வழியே போனது யார்?

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், நாடகத் தாளுக்கு வினாத்தாள் எடுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

சென்ற பருவத் தேர்வில் நாடகத் தாளில் வந்த பத்து மதிப்பெண் வினாவைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘மனோன்மணீயத்தில் சுருங்கை எதனைக் குறிக்கிறது? விளக்குக.’ சுந்தரம் பிள்ளையின் அந்த நாடகத்தில் வரும் நிலத்தடிச் சுரங்க வழியைப் பற்றிய வினா. மதிப்பீட்டு முகாமில் அதற்குக் கொடுத்த விடைக்குறிப்பும் நினைவிருக்கும். சுருங்கை ஞானநெறி, ஜீவகன் உயிர், குடிலன் மாயை, சுந்தர முனிவர் குரு. அவ்வளவுதான். இதை அப்படியே எழுதியவர்களுக்கு எட்டும் ஒன்பதும் கிடைத்தன. நாடகத்தைப் படித்துவிட்டு எழுதியவர்களுக்கு இரண்டும் மூன்றும் கிடைத்தன.

ஒரு மாணவியின் விடைத்தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கியதால்தான் அவள் எழுதியது என்னவென்று பார்க்க முடிந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி: சுருங்கை ஞானநெறி என்றால் அதன் வழியே குடிலன் எப்படிப் போனான்?

இந்தக் கேள்விக்குப் போடப்பட்ட மதிப்பெண் இரண்டு. மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டினாள். ‘மாற்றமில்லை’ என்று பதில் வந்தது.

தங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அவள் விடையை நியாயமாக எடைபோட வேண்டுமானால் அதைக் களம் களமாக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமைச்சன் குடிலன் சொல்லைக் கேட்டுப் பாண்டிய மன்னன் ஜீவகன் திருநெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். கட்டிய பெருமிதத்தில் அதைத் தன் குரு சுந்தர முனிவரிடம் காட்டுகிறான். முனிவர் அந்தக் கோட்டையில் மயங்கவில்லை. ஓர் அறையும் அதன் சாவியும் போதும் என்று வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வெளியே போகச் சுருங்கை தோண்டுகிறார். நாஞ்சில் நாட்டு உரிமையைக் காட்டிச் சேர மன்னன் புருடோத்தமனோடு போர் மூள்கிறது, பாண்டியன் தோற்கிறான். அரசன் மகள் மனோன்மணியைச் சுருங்கை வழியே பத்திரமாக வெளியேற்றிவிடலாம் என்பது முனிவரின் திட்டம். அதற்குமுன் தன் மகன் பலதேவனுக்கு அவளை மணமுடித்து விடலாம் என்று குடிலன் இடையில் புகுகிறான். அது மட்டும் அவனுக்குப் போதவில்லை. இரகசியத்தைத் தெரிந்துகொண்டவன், அதே சுருங்கை வழியே எதிரியின் பாசறைக்குப் போய் அரசனைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறான். புருடோத்தமன் அவனுக்கு விலங்கு மாட்டி, வழிகாட்டச் சொல்லி, அவன் பின்னாலேயே அரண்மனைக்குள் வருகிறான். மணமேடையில் நிற்கும் மனோன்மணி, கனவில் கண்டவனை நேரில் கண்டு அவனுக்கு மாலை சூட்டுகிறாள்.

ஆக அந்தச் சுருங்கை யாருக்காகத் தோண்டப்பட்டதோ அவள் அதன் வழியே வெளியேறவே இல்லை. துரோகி வெளியே போனான். மணமகன் உள்ளே வந்தான். திட்டமிட்ட திசை ஒன்று, நடந்த திசை வேறு. நாடகத்தின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. விடைக்குறிப்பில் இதற்கு இடமே இல்லை.

அவள் அதோடும் நிற்கவில்லை. கோட்டையையும் சுருங்கையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஒன்று ஊரே பார்க்க எழும்பியது. மற்றது யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் போனது. ஒன்று குடிலன் யோசனை, மற்றது முனிவர் யோசனை. காப்பாற்றும் என்று நம்பிக் கட்டிய கோட்டை அரசனுக்கே சிறையாகிறது; ஒரு கன்னியைக் காப்பாற்றத் தோண்டிய வழி பகைவனுக்குக் கதவாகிறது. ஒரு பொருளின் குறியீட்டை அதற்கு எதிராக நிற்கும் பொருளோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறோம். ஒரு பிள்ளை அதைச் செய்து காட்டியிருக்கிறாள். அவளுக்கு இரண்டு மதிப்பெண்.

உருவக வாசிப்பைத் தூக்கி எறியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சைவ சித்தாந்தம் அறிந்த எவருக்கும் அந்த வாசிப்பின் ஆழம் தெரியும். சொல்லப்போனால் இந்த மாணவியின் கேள்வி அதற்கு வலு சேர்க்கிறது. குடிலன் மாயை என்றால், மாயையே விலங்கோடு முன்னால் நடந்து தலைவனை அழைத்து வருகிறது. மறைத்தலும் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்று, அதுவும் அருளே என்று சித்தாந்தம் சொல்வதை இதற்குமேல் எந்தக் காட்சி காட்ட முடியும்? விடைக்குறிப்பின் ஒற்றை வரி இந்தக் காட்சிவரை போகவே இல்லை. சமன்பாட்டோடு நின்றுவிட்டது.

ஆகவே எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடகத் தாளின் பெரிய வினாக்களில், நாடகத்திலிருந்து இருபது இருபத்தைந்து வரிகளை அச்சிட்டுக் கொடுங்கள். வினா அந்த வரிகளிலிருந்து எழட்டும். விடைக்குறிப்பில் ஒற்றைப் பொருளை எழுதாதீர்கள்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம், இன்றைய வினாத்தாளுக்கு விடை எழுத நாடகம் தேவைப்படவில்லை என்பதுதான். ‘குடிலன் பாத்திரப் படைப்பு’ என்று கேட்டால் ‘சூழ்ச்சிக்காரன், நயவஞ்சகன், தன்னலமி’ என்று மூன்று துணைத்தலைப்பு போட்டு, நோட்ஸில் உள்ள பத்திகளை இறக்கி வைத்துவிடலாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்ஸ் சுருட்டிக் கிடைக்கிறது. நூலகத்தில் நாடகத்தின் இரண்டு பிரதி இருக்கும், வகுப்பில் அறுபது பேர் இருப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது கேட்கப்படுகிறதோ அதைத்தான் அவர்கள் படிப்பார்கள்.

பாத்திரத்தை ஆராய்வதற்கென்று நிதானமான ஒரு முறை இருக்கிறது. அவன் பிறரிடம் பேசுவது ஒரு பக்கம், தனிமொழியில் பேசுவது ஒரு பக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். குடிலன் அரசன் முன் பேசும் பேச்சையும் தனியே நிற்கும்போது பேசும் பேச்சையும் அப்படி வைத்தால் மாணவனே கண்டுபிடித்துவிடுவான். பிறகு, அவனைப் பற்றி மற்றவர் என்ன சொல்கிறார்கள், யார் சொல்வதை அரசன் காதில் வாங்குகிறான் என்று பார்க்க வேண்டும். அரசனிடம் உண்மையுள்ள நாராயணன் குடிலனை அறிந்தவன். ஆனால் அவன் சொல் எடுபடவில்லை, அவனுக்கே கழுமரம் விதிக்கப்படுகிறது. அங்கே கேள்வி குடிலனை விட்டு ஜீவகன்மேல் திரும்புகிறது: நல்லவனான ஓர் அரசனுக்கு ஏன் புகழ்ச்சி மட்டும் காதில் விழுகிறது? ‘நயவஞ்சகன்’ என்று துணைத்தலைப்பு போட்டவுடன் இந்தக் கேள்வி செத்துப்போகிறது.

குறியீட்டுக்கும் இதே நிதானம் வேண்டும். அந்தப் பொருள் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அது யார் கையில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத வேண்டும். எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பொருள் அந்த மாற்றத்தில்தான் இருக்கும். இந்த வேலையைச் செய்யாமல் பட்டியல் மனப்பாடம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலத் துறை நண்பர்கள் படும் பாடே சாட்சி. மாக்பெத்தில் ‘இரத்தம் என்றால் குற்ற உணர்வு’ என்று அங்கே ஒரு பட்டியல். ஆனால் அந்த நாடகத்தில் முதலில் இரத்தத்தோடு மேடைக்கு வருபவன் காயம்பட்ட படைவீரன். அவன் காயங்கள் அவனுக்குப் பெருமை சேர்ப்பதாக அரசன் டங்கன் பாராட்டுகிறான். வீரத்தின் அடையாளமாக நுழைந்த இரத்தம், இரண்டாம் அங்கத்தில் மாக்பெத் கையில் கொலையாகிறது. கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்று அங்கே சொன்ன அவன் மனைவியே ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். பட்டியலில் உள்ள ஒரு சொல் இந்த மூன்று இடத்தையும் தாங்குமா? இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் முதல் அங்கத்தில் அலங்காரத்தோடு நின்ற கிறிஸ்துமஸ் மரம், இரண்டாம் அங்கத்தில் திரை விலகும்போது அலங்காரம் களைந்து, எரிந்து தீர்ந்த மெழுகுவத்தித் துண்டுகளோடு மூலையில் நிற்கிறது. நாயகி நோராவைப் பற்றி ஒரு வசனமும் இல்லாமலே அவள் நிலை தெரிந்துவிடுகிறது. ‘மரம் என்றால் குடும்ப மகிழ்ச்சி’ என்று படித்தவன் கண்ணுக்கு இரண்டாவது மரம் தெரியாது.

இந்த மண்ணிலேயே பிறந்த நாடகத்துக்கும் இதே கதிதான் என்பது இன்னும் வேதனை. மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை அவர் பண்ணையாராகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். தில்லைக்குப் போக வேண்டுமென்றால் நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். இறைவன் அருளால் ஒரே இரவில் அது முடிகிறது. நோட்ஸில் ‘நாற்பது வேலி – பக்தியின் வெற்றி’ என்று இருக்கிறது.

வேலி என்றால் இருபது மா, ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது வேலி ஏறக்குறைய 266 ஏக்கர். ஓர் ஏக்கர் நடவுக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு பகல் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் அம்மாக்கள் நட்டு வந்தவர்கள். நடவுக்கு மட்டுமே மூவாயிரம் ஆள்! நாற்றங்காலையும் களையெடுப்பையும் அறுப்பையும் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே வேதியர் சொன்னது வேலை அல்ல. நடக்காது என்று தெரிந்தே விதித்த நிபந்தனை, ‘போகாதே’ என்பதைக் கணக்காக்கிச் சொன்ன சொல். கட்டளையிடும் அதிகாரம் எந்த மொழியில் பேசும் என்பதை அந்த நாற்பது வேலி காட்டுகிறது. அற்புதம் பெரிதாகத் தெரிவதும் அந்தக் கொடுமையின் அளவு தெரிந்தால்தான். இதை ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியின் மகன் தேர்வில் எழுதினால் அவனுக்கு எத்தனை மதிப்பெண் போடச் சொல்லும் தங்கள் விடைக்குறிப்பு? ஊரில் அவன் அறிந்ததையெல்லாம் தேர்வுக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம். இதுதான் பொறுக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜேசுவர நாடகம் ஆடியவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. மெலட்டூரில் இன்றும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கிறது. திருவிழா இரவுகளில் வள்ளி திருமணத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்த ஊர்கள் இவை. வேலனும் விருத்தனுமாக மாறி மாறி வரும் முருகனிடம் வள்ளி எங்கே கோபப்படுகிறாள், எங்கே தடுமாறுகிறாள் என்று தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அதுதான் பாத்திர ஆய்வு. அந்தப் பாட்டியின் பேத்தி பட்டப்படிப்புக்கு வந்து ‘வள்ளி – ஜீவான்மா, முருகன் – பரமான்மா, 2 மதிப்பெண்’ என்று மனப்பாடம் செய்கிறாள். அகமதிப்பீட்டுக்கும் அதே வினா, பருவத் தேர்வுக்கும் அதே வினா, மூன்றாண்டு முன்னால் வந்த வினாத்தாளும் அதேதான்! நாடகம் என்று பெயர் வைத்துவிட்டு மேடை, குரல், இடைவெளி எதையும் கேட்காத தாளை இன்னும் எத்தனை ஆண்டுக்கு நடத்துவது?

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கு வருகிறேன்.

இருபத்தைந்து வரி ஆசிரியப்பா அச்சில் அரைப் பக்கம்தான் வரும். வினாத்தாள் நீளும் என்ற தயக்கம் வேண்டாம். அதன் கீழே பத்து மதிப்பெண்ணை மூன்றாகப் பிரிக்கலாம். இது யார் யாரிடம் பேசியது, இதற்கு முன் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு. இந்த வரிகளில் பேசுபவர் எதை மறைக்கிறார் அல்லது எதைக் காட்டிக்கொடுக்கிறார், எந்தச் சொல்லில் அது தெரிகிறது என்பதற்கு மூன்று. இந்தப் பகுதியில் வரும் பொருளையோ கருத்தையோ நாடகத்தின் வேறோர் இடத்தோடு ஒப்பிட்டு என்ன மாற்றம் என்று எழுதுவதற்கு ஐந்து. கடைசிப் பகுதிக்கு நோட்ஸ் உதவாது, நாடகத்தைப் படித்திருந்தால்தான் எழுத முடியும். பாடலை மனப்பாடமாக எழுதாத பிள்ளையும் பிழைத்துக்கொள்ளும், வரிகள் கண்முன்னே இருப்பதால்.

விடைக்குறிப்பில் பொருளை எழுதுவதற்குப் பதில் சான்றுக்கு மதிப்பெண் என்று எழுதுங்கள். ஒப்பீட்டுக்கான ஐந்தில், நிலைப்பாடு தெளிவாக இருந்தால் ஒன்று, நாடகத்திலிருந்து காட்டும் இரண்டு சான்றுக்கு இரண்டு, சான்று நிலைப்பாட்டைத் தாங்கும் விதத்தை விளக்கினால் இரண்டு. ‘ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும்’ என்ற மறுப்பு நியாயமானதே. அதற்காகத்தான், முகாமின் முதல் நாள் காலையில் மூன்று நான்கு விடைத்தாளை எடுத்து எல்லோரும் தனித்தனியே மதிப்பிட்டு, வித்தியாசம் வருகிற இடத்தைப் பேசித் தீர்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்கிறோம். ஒரு மணி நேரம் போகும். கதையையே தவறாக எழுதி வாதிட்டால் மதிப்பெண் குறையுங்கள். பலதேவனுக்கு மாலை விழுந்தது என்று எழுதுபவருக்காக யாரும் வாதாட வரமாட்டோம். ஆனால் கதையைச் சரியாகச் சொல்லி, களத்தைக் காட்டி, விடைக்குறிப்பில் இல்லாத முடிவுக்கு வருபவருக்கு இரண்டு போடாதீர்கள்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு முன் மாதிரி வினாத்தாள் ஒன்றும் விடைக்குறிப்பு ஒன்றும் தயாரித்துத் தர நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம். அழைத்தால் நேரில் வந்தும் விளக்குவோம். நாடகத்தின் வரிகளை வினாத்தாளில் அச்சிட்டுக் கொடுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முடியுமானால் அந்த மாணவியின் விடைத்தாளை இன்னொரு முறை, நாடகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாராவது படித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
நாடகத் தாள் நடத்தும் ஆசிரியர்கள் சார்பில்,
கும்பகோணத்திலிருந்து ஒருவர்