பதிவுத் தேதியைப் பார்த்த பிறகு முன்பணம்

நாமக்கல்,
18.01.2026

அன்புள்ள நண்பன் சுந்தரத்துக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. தம்பி கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, சம்பள வேலை வேண்டாம், சொந்தமாக ஒரு லாரி வாங்கி மும்பை லைனில் ஓட்டுகிறேன் என்று நிற்பதையும், சங்ககிரியில் 2014 மாடல் ஆறு சக்கர லாரி ஒன்றை அவன் பார்த்துவிட்டு வந்திருப்பதையும் விவரமாக எழுதியிருந்தாய். இன்ஜின் நன்றாக இருக்கிறதா, விலை நியாயமானதா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். இன்ஜினை நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் அரை நாளில் பார்த்துச் சொல்லிவிடுவார். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, அந்த வண்டி முதன்முதலாக எந்தத் தேதியில் பதிவானது என்பது எனக்குத் தெரிய வேண்டும். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தம்பியிடமும் படிக்கக் கொடு.

நீ வைத்திருக்கும் காருக்குப் பதிவு என்பது 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். லாரிக்கு அப்படி இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, தகுதிச் சான்று, அதாவது நாம் எஃப்.சி. என்று சொல்லும் சான்று, நடப்பில் இல்லாத போக்குவரத்து வாகனத்தை முறையாகப் பதிவான வாகனமாகவே கருத முடியாது என்று சொல்கிறது. ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கலாம், எண் பலகையும் வண்டியில் இருக்கலாம், எஃப்.சி. முடிந்த மறுநாள் அந்த லாரி சட்டத்தின் கண்ணில் பதிவில்லாத வண்டிதான். ஆகவே லாரிக்காரர்கள் பதிவைப் புதுப்பிப்பது என்று பேசினால், நடைமுறையில் அது எஃப்.சி. காட்டுவதைத்தான் குறிக்கும்.

புதிய லாரிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டுகளுக்கு உண்டு. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எட்டு வயதைக் கடந்துவிட்டால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தம்பி பார்த்திருக்கும் வண்டி எட்டைக் கடந்து பல காலம் ஆகிவிட்டதால், ஒவ்வோர் ஆண்டும் பட்டறைச் செலவும், வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களும், அரசுக் கட்டணமும் கட்டாயம் வரும். நாள் தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று விதியில் இருக்கிறது. சாலையில் பிடிபட்டால், முதல் தடவை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை போகும், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. வெளிமாநிலத்தில் லோடோடு பிடிபட்ட லாரிக்காரருக்கு அபராதத்தைவிடப் பெரிய இழப்பு, சரக்கு நாள் கடந்து போய்ச் சேர்வதும் வாடகை பிடித்தமாவதும்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். மும்பை லைனுக்கு நேஷனல் பர்மிட் வேண்டும். முன்பெல்லாம் எந்தெந்த மாநிலங்களுக்குப் போகிறோம் என்று தேர்ந்தெடுத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். 2010ஆம் ஆண்டு மே மாதம் வந்த புதிய முறையால் ஒரே தொகை கட்டி நாடு முழுவதும் ஓட்ட முடிந்தது. முதலில் ஆண்டுக்கு 15,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2012இல் 16,500 ஆயிற்று. சொந்த மாநிலத்தின் அங்கீகாரத்துக்கு 1,000 ரூபாய் தனி. சிறு உரிமையாளர்களுக்கு இதைப் போல நன்மை செய்த மாற்றம் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். ஆனால் இந்தப் பர்மிட்டுக்கு வயது வரம்பு ஒன்று இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 88ஆவது விதிப்படி, இரண்டு அச்சுள்ள லாரி, அதாவது ஆறு சக்கர வண்டி, 12 வயதைக் கடந்துவிட்டால் நேஷனல் பர்மிட்டில் ஓட முடியாது. அதற்கு மேல் அச்சுகள் உள்ள டாரஸ் போன்ற வண்டிகளுக்கு 15 ஆண்டு வரை இடம் உண்டு. இந்த வயது முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. பர்மிட்டின் ஐந்தாண்டுக் காலம் இன்னும் மீதமிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2014 மாடல் என்று விற்பவர் சொல்வது தயாரிப்பு ஆண்டை. வண்டி 2014 பிப்ரவரியில் பதிவாகியிருந்தால், தம்பி முன்பணம் கொடுத்துப் பெயர் மாற்றி முடிப்பதற்குள் அதன் மும்பை லைன் முடிந்துவிடும். டிசம்பரில் பதிவாகியிருந்தால் இந்த ஆண்டு முடிய ஓட்டலாம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் பர்மிட்டுக்கு மாற்றியாக வேண்டும். 12 வயதை நெருங்கும் ஆறு சக்கர வண்டிகள் இந்தப் பக்கத்தில் திடீரென்று மலிவாக விற்பனைக்கு வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். விற்பவர் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எஃப்.சி., வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்கிறது என்று அவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். வாங்குகிறவர்தான் பதிவுத் தேதியோடு பன்னிரண்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அதனால் அந்த வண்டி உதவாது என்று நான் சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றுவதற்கும், சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு இறக்குவதற்கும், ஜல்லி அடிப்பதற்கும் அப்படிப்பட்ட வண்டிகள்தான் ஓடுகின்றன, பல குடும்பங்கள் அவற்றை நம்பி நன்றாகவே பிழைக்கின்றன. ஆனால் உள்ளூர் வாடகையை வைத்து விலை பேச வேண்டிய வண்டிக்கு, மும்பை வாடகையை நினைத்துக்கொண்டு தம்பி விலை கொடுக்கக் கூடாது. வெளிமாநில லைன்தான் வேண்டும் என்றால், அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பத்து வயதுக்குள் இருக்கும் டாரஸ் ஒன்றைத் தேடுவது நல்லது.

பழைய வண்டிக்குக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரலிலிருந்து 15 வயது கடந்த கனரக லாரியின் எஃப்.சி.க்கு 12,500 ரூபாய் என்று மத்திய அரசு விதித்தது. சென்ற நவம்பரில் அதையும் திருத்தி, பத்து வயதிலிருந்தே படிப்படியாக உயர்த்தி, 20 வயது கடந்த கனரக வண்டிக்கு 25,000 ரூபாய் என்று ஆக்கியிருக்கிறார்கள். பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்குவதே இதன் நோக்கம். வண்டியை அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கினால், அடுத்து வாங்கும் புதிய போக்குவரத்து வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தரலாம் என்றும் 2021இல் விதி செய்தார்கள். ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அந்தச் சலுகை போதவே போதாது என்று நான் நினைக்கிறேன். புதிய லாரியின் மாதத் தவணையைக் கட்டும் அளவுக்கு வாடகை எங்கே கிடைக்கிறது? வண்டியை மாற்று என்று சொல்கிற அரசு, மாற்றுவதற்கான கடன் வழியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எஃப்.சி. சோதனையையே வீண் தொல்லை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்புறத்தில் இரு சக்கர வாகனத்தில் வந்து மோதி உயிரிழந்தவர்களைப் பற்றி எத்தனை செய்திகள் படிக்கிறோம். முன்புறம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என்று ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள் ஒட்டச் சொல்வதும், பின்னால் மோதும் சிறு வண்டி அடியில் புகுந்துவிடாமல் தடுப்புக் கம்பி பொருத்தச் சொல்வதும் அதற்காகத்தான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், புகை ஆகிய எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் சான்று தர வேண்டும். இதுவரை, பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் கண்ணால் பார்த்தும் ஓட்டிப் பார்த்தும் முடிவு செய்துகொண்டிருந்ததை, இயந்திரங்களே அளந்து சொல்லும் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்குப் படிப்படியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சோதனை நாளுக்கு மட்டும் வேறு வண்டியிலிருந்து டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தம்பி அதைக் கற்றுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அந்த டயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலைப்பாதையில் இறங்கப் போகிறவன் அவன்தான்.

எண் பலகையைப் பற்றியும் கேட்டிருந்தாய். வாடகைக்கு ஓடும் லாரிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார லாரியாக இருந்தால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. கனரக வண்டிக்குப் பலகையின் அளவு 340 மில்லிமீட்டருக்கு 200 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் மட்டுமல்லாமல், பாடியின் இரு பக்கங்களிலும் எண்ணை எழுத வேண்டும். 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு விற்பனையான புதிய வண்டிகள் உயர் பாதுகாப்புப் பலகையோடுதான் வருகின்றன. அதில் அசோகச் சக்கர ஹாலோகிராமும், நீல நிறத்தில் நாட்டின் பெயர்ச் சுருக்கமும், லேசரால் பொறித்த அடையாள எண்ணும் இருக்கும். கழற்றினால் உடைந்துபோகும் பூட்டால் அது பிணைக்கப்பட்டிருக்கும். ஒரே எண்ணில் இரண்டு லாரிகளை ஓட்டும் மோசடியைத் தடுக்க இது மிகவும் தேவையான ஏற்பாடு. தம்பி பார்த்திருக்கும் வண்டி அதற்கு முந்தையது என்பதால் சாதாரணப் பலகைதான் இருக்கும். அதனாலேயே அவன் பலகையை நம்பிவிடாமல், சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பொறித்திருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். அந்த இடத்தில் துரு சுரண்டிய அடையாளமோ புதிய பெயின்டோ தெரிந்தால் அத்தோடு திரும்பி வந்துவிடலாம்.

வாங்குவது என்று முடிவானால், பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட விடாதே. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்துக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகையால் விற்பவருக்கும் இதில் அக்கறை இருந்தாக வேண்டும். ஆர்.சி.யில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் வந்து அந்தப் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். காலாண்டு வரி, பசுமை வரி, சாலையில் போட்ட அபராதங்கள் ஆகியவை நிலுவையில் இருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. தற்காலிகப் பதிவு முடிந்தும் ஓட்டப்பட்ட ஒரு வண்டி திருடுபோன வழக்கில், பாலிசி நடப்பில் இருந்தும் இழப்பீடு கிடையாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஃப்.சி. முடிந்த லாரி விபத்தில் சிக்கினாலும் காப்பீட்டு நிறுவனங்கள் இதே வாதத்தைத்தான் எடுத்துக்கொண்டு வரும். பர்மிட் இல்லாத லாரி என்றால் நிலைமை இன்னும் மோசம். அபராதம் 10,000 ரூபாய் என்பதோடு, விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் தொகையை உரிமையாளரிடமிருந்தே வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நிலை. ஒரு வண்டிக்காரரின் வீடும் நிலமும் போவதற்கு அப்படி ஒரு வழக்கு போதும்.

நான் இப்போதும் மாலை நேரங்களில் தெரிந்த லாரி உரிமையாளர்கள் சிலரின் காகிதங்களைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எஃப்.சி., பர்மிட், காலாண்டு வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் முடிவதால், வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவைத்து, முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுகிறேன். பர்மிட்டைப் புதுப்பிக்க, அது முடிவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தம்பி எந்த வண்டியை வாங்கினாலும் அவனுக்கும் ஒரு பக்கம் போட்டுக் கொடுக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அந்த வண்டியின் ஆர்.சி., எஃப்.சி., பர்மிட் ஆகிய மூன்றையும் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். பதிவுத் தேதியைப் பார்த்துவிட்டு அன்றே பதில் சொல்கிறேன். வண்டியை நேரில் பார்க்க வேண்டியிருந்தால் தம்பி இங்கே வரட்டும். மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு நானும் அவனோடு சங்ககிரிக்கு வருகிறேன். அதுவரை விற்பவரிடம் முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். தங்கச்சிக்கு என் விசாரிப்புகளைச் சொல்.

அன்புடன்,
பழனிவேல்