முடிவு கிடைத்தவர்களை எண்ணுங்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் திட்டமிடும் சுகாதார நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் மாதப் படிவத்தில் ‘பரிசோதிக்கப்பட்டோர்’ என்று ஒரு கட்டம் உண்டு. மாதிரி எடுத்த அன்றே அது நிரம்பிவிடுகிறது. மாதிரி எடுப்பவர்களும் ஸ்லைடு பார்ப்பவர்களுமான நாங்கள் கேட்பது, அந்தக் கட்டத்தை மாற்றுங்கள் என்பதுதான். முடிவு கைக்கு வந்த பெண் மட்டும் அதில் ஏறட்டும்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் தொற்று பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே போய்விடும். தங்கிவிட்டது புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும்; எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10. இத்தனை அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு.

கருப்பை வாயின் செல்களைச் சுரண்டி ஸ்லைடில் தடவிப் பார்க்கும் பாப் ஸ்மியர் கெடுவது பெரும்பாலும் லேபில் அல்ல, மாதிரி எடுக்கும் மேசையருகில். சுரண்டும் குச்சியான ஸ்பாட்டுலாவை முழுச் சுற்று சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால், மாற்றம் தொடங்கும் எல்லைப் பகுதியின் செல்கள் வராது. ஸ்லைடில் தடவியதும் சில நொடிகளுக்குள் 95% எத்தனாலில் போட வேண்டும். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டு வரலாம் என்று வைத்தால் காய்ந்துபோகும். செல் உப்பி, உட்கரு மங்கும். நாங்கள் பார்ப்பதே உட்கருவைத்தான். பெயரைப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, யாருடையது என்று தெரியாத ஸ்லைடுதான் மிஞ்சும். உள்ளே பார்க்க வைக்கும் கருவியான ஸ்பெகுலத்துக்கு ஜெல் அப்பவும் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் பெரும்பாலும் போதும். ‘மாதிரி போதாது’ என்று ரிப்போர்ட் வந்தால் மீண்டும் எடுக்க வேண்டும் என்று பொருள். அதை ‘நோயில்லை’ கணக்கில் சேர்க்கும் பதிவேடுகள் இருக்கின்றன.

அசிட்டிக் அமிலம் தடவி, எந்த இடம் வெளுக்கிறது என்று பார்க்கும் வி.ஐ.ஏ. சோதனை மலிவானது, ஆனால் பார்ப்பவரின் கண்ணை நம்பியது. கரைசல் 3 முதல் 5% வரை. 5% வேண்டுமானால் 95 மி.லி. தண்ணீரில் 5 மி.லி. அடர் அமிலத்தை ஊற்றி, அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். தடவி ஒரு முழு நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் முதலில் பலியாவது இந்த நிமிடம்தான். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த எல்லை உள்ளே ஒதுங்கிவிடுவதால் இந்த முறை பொருந்தாது.

வைரஸின் மரபணுவைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையை முதல் சோதனையாக வைத்து, 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம், மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் அது மருத்துவர் எடுத்ததற்கு ஏறக்குறைய நிகர். கூச்சத்தால் வராதவர்களுக்கு இதுதான் வழி. எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் சோதனை வேண்டும். உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிபவரை மட்டும் இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். அவருக்கு நேரே மருத்துவப் பரிசோதனை தேவை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2030 இலக்கு 90-70-90, மூன்றும் சதவீதம். முதல் 90, சிறுமிகளுக்குத் தடுப்பூசி. நடுவில் உள்ள 70, பரிசோதனை. சுவரில் தொங்குவது அதுதான். கடைசி 90, கோளாறு கண்டவர்களுக்குச் சிகிச்சை. அதைப் பற்றி முகாம் நோட்டீசில் ஒரு வரி கூட இருப்பதில்லை. புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாமல், கோளாறு முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, கருப்பை வாயின் உள்குழாய்க்குள் போகாமல் இருந்தால், 100 டிகிரி சூட்டில் 20 முதல் 30 நொடி வைக்கும் முறையில் அன்றே அதை அழிக்கலாம். குளிரூட்டும் முறையென்றால் 3 நிமிடம் உறைய, 5 நிமிடம் இளக, மறுபடி 3 நிமிடம் உறைய. மற்றவர்களுக்குக் கால்போஸ்கோபி (உருப்பெருக்கியால் பார்ப்பது), பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). அந்தக் கருவியும் ஆளும் எங்கே என்று தெரியாமல் முகாம் தேதி குறிக்காதீர்கள்.

மாதிரி எடுக்கும்போதே முடிவு வரும் தேதியைச் சொல்லி, இரண்டு தொலைபேசி எண்களை வாங்குங்கள். எந்த எண்ணில் யாரிடம் பேசலாம் என்று அவரிடமே கேளுங்கள். ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல என்பதை அப்போதே சொல்லிவிட்டால், பயந்து வராமல் போவது குறையும்.

புதிய படிவத்துக்கு நான்கு கட்டங்கள் போதும்: மாதிரி எடுத்தது, முடிவு சொன்னது, சிகிச்சை முடித்தது, 12 மாதம் கழித்து மறுசோதனை செய்தது. முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை, பெயர்ப் பட்டியலோடு, மாதாமாதம் எங்களுக்கு அனுப்புங்கள். தேடிப் போவது எங்கள் வேலை.

இப்படிக்கு,
மாதிரி எடுக்கும் செவிலியர்கள், ஸ்லைடு பார்க்கும் லேப் பணியாளர்கள்