ஆற்றை முதலில் போடு, கோட்டையை அப்புறம் போடலாம்

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீங்கள் சேர்ந்து ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கதையாட்டத்துக்காக நீ வரைந்து அனுப்பிய கற்பனை நாட்டுப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். மலை நன்றாக வந்திருக்கிறது, காட்டின் பச்சை கண்ணை உறுத்தவில்லை. ஆறுதான் சரியில்லை. ஆறு தப்பானால் ஊர், பாதை, சண்டை நடக்கிற இடம் எல்லாமே தப்பான இடத்தில்தான் விழும். அதனால் படத்தின் மற்ற அடுக்குகளை, அதாவது லேயர்களை, பூட்டிவிட்டு முதலில் ஆற்றைச் சரிபண்ணு.

ஆறு பிரியக் கூடாது, சேரத்தான் செய்யும் என்று கற்பனை நாட்டுப் படம் போடுகிறவர்கள் அடிக்கடி சொல்வார்கள். மலையிலும் மேட்டுநிலத்திலும் அது சரிதான். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும். ஒரு பள்ளத்தில் இறங்கிய பிறகு அதை விட்டு இரண்டாகப் போகக் காரணமில்லை. நீ மலையடிவாரத்திலேயே மூன்றாகப் பிரித்திருக்கிறாய், அதை அழித்துவிடு. டெல்டாவில் அப்படியில்லை, அங்கே ஆறு பிரிந்தே ஆக வேண்டும். சரிவு குறைந்ததும் தண்ணீர் வேகம் குறைந்து வண்டலைக் கீழே விடும். வண்டல் சேரச் சேர ஆற்றின் தரையும் ஓரமும் மேடாகும். ஒரு வெள்ளத்தில் கரை உடைந்து பக்கத்துப் பள்ளத்தில் புது வழி பிடிக்கும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிவதையும் நினைத்துக்கொள். இங்கே நீடாமங்கலத்துப் பக்கம் மூணாறு தலைப்பு என்கிற, ஆறு பிரியும் முனையில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஒரே இடத்தில் மூன்றாகிறது. நீ தேடுகிற மூன்று கிளைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

இதில் இன்னொன்று இருக்கிறது. டெல்டா ஆறு பள்ளத்தில் ஓடாது, மேட்டின் மேல் ஓடும். ஆற்றங்கரையும் படுகையும் உயரம், இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கிற வயல்தான் தாழ்வு. அதனால் ஊரைக் கரையோரமாகவும் திடல் என்கிற மேட்டிலும் வை. பாதையைக் கரை மேலேயே ஓட்டு. நடுப்பள்ளத்தில் வடிகால் மட்டும் போகட்டும். உன் கோட்டை இப்போது இரண்டு கிளைக்கும் சரியாக நடுவில், முதல் அடைமழையிலேயே தண்ணீர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. அதைக் கிளை பிரியும் முனைக்கு நகர்த்து. தலைப்பைப் பிடித்தவன் கையில்தான் கீழே உள்ள அத்தனை ஊரின் தண்ணீரும். உன் கதைக்கு வேண்டிய பகை அங்கேயே கிடைத்துவிடும்.

அகலத்தைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். ஆறு வரையும் கருவிகள் பொதுவாக மலையில் மெல்லிசாகத் தொடங்கிக் கடலருகே அகலமாக முடிக்கும். டெல்டாவில் தலைகீழ்: ஒவ்வொரு பிரிவிலும் தண்ணீர் பங்காகிறது, கிளை ஒல்லியாகிறது. பூம்புகாரில் கடலில் சேரும் காவிரியைப் பார்த்தால் திருச்சியில் பார்த்த ஆறு இதுதானா என்று தோன்றும். 4,096 பிக்சல் அகலப் படத்தில் தாய் ஆறு 24 பிக்சல், முதல் பிரிவுக்குப் பின் 14, அடுத்தடுத்த பிரிவுகளில் 10, 8, கடைசியில் 4. இரண்டு பிக்சலுக்குக் கீழே போகிற வாய்க்காலை வரையாதே. படத்தைச் சிறிதாக்கினால் புள்ளி புள்ளியாக அறுந்து தெரியும். கொள்ளிடம் மாதிரி வெள்ளத்தைக் கொண்டுபோக ஒரு கிளையை மட்டும் கடைசி வரை அகலமாக விடு, மணல் நிறத்தில் நாலைந்து திட்டு போடு.

படம் வரையும் மென்பொருளில் கடற்கரையை நெளிய வைக்கும் ஸ்லைடரைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவா. அதை ஏற்றி வைத்தால் பனியாறு பாறையைக் குடைந்த குளிர்நாட்டுக் கரை மாதிரி வரும். வண்டல் கொட்டிய கரையை அலை இழைத்து நேராக்கிவிடும். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை பார், ஏறக்குறைய நேர்கோடு. கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அந்த மடிப்புக்கு உள்ளேதான் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் காயலும். உன் படத்திலும் அப்படி ஒரே ஒரு மடிப்பு வைத்து, சதுப்பையும் கள்ளக்கடத்தல் துறையையும் அங்கே ஒளித்துவை.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதியில் சாதாரண நடை ஒரு நாளைக்கு 24 மைல். அறுகோணக் கட்டம் ஒன்று 6 மைல் என்றால் நாளுக்கு நாலு கட்டம். கல்லணையிலிருந்து பூம்புகார் நேர்கோட்டில் ஏறக்குறைய 115 கிலோமீட்டர். பன்னிரண்டு கட்டம், மூன்று நாள் நடை. நீ கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே 60 கட்டம் விட்டிருக்கிறாய், பதினைந்து நாள். அவ்வளவு தூரம் வெறும் வயலாக இருந்தால் ஆடுகிறவர்களுக்கு அலுத்துவிடும். 15 கட்டம் போதும். கிளைகள் கிழக்கே ஓடுவதால் கிழக்கு மேற்காகப் போவது சுலபம், தெற்கு வடக்காகப் போவது கஷ்டம். ஒவ்வொரு ஆற்றைக் கடக்கவும் பரிசலுக்கு அரை நாள் சேர்த்துக்கொள்.

இனி எழுத்து. உன் படத்தில் ‘கோரைத்திடல்’ உடைந்து, இரட்டைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துரு மாற்றினால் தீராது. தமிழில் ‘கோ’ என்பதில் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வந்து உட்கார வேண்டும். அந்த வேலையை மென்பொருள்தான் செய்ய வேண்டும், சிலவற்றுக்கு அது தெரியாது. அதனால் பெயர் எதுவும் இல்லாமல் படத்தை பி.என்.ஜி. படக்கோப்பாக எடு. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அதை அடியில் ஒரு லேயராக வைத்துப் பூட்டு. மேலே இரண்டு லேயர்: ஒன்று எல்லோரும் பார்க்கும் பெயர்கள், மற்றது உனக்கு மட்டும் தெரிய வேண்டிய ரகசிய வழி, பொறி, புதையல். ரகசிய லேயரை மறைத்து ஒரு முறை, காட்டி ஒரு முறை ஏற்றுமதி செய். இரண்டு கோப்புக்கும் பெயரை வித்தியாசமாக வை, இல்லாவிட்டால் சனிக்கிழமை ஆட்டத்தின் அவசரத்தில் புதையலைத் திறந்து காட்டிவிடுவாய்.

ஆற்றுப் பெயரைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறாய். ஆங்கிலப் படத்தில் அது வழக்கம். நம் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் அரிது. மென்பொருள் நேர் எழுத்தைத் தள்ளிவிட்டுச் சாய்க்கிறது, சுழியெல்லாம் கோணலாகிறது. நேராகவே வைத்து அடர்நீல நிறம் கொடு, தண்ணீர் என்று புரிந்துவிடும். நாட்டின் பெயரை அகலமாகப் பரப்ப எழுத்து இடைவெளியை ஏற்றாதே. கொம்பும் காலும் தனித்தனியே விலகி நின்றால் ‘கோ’ என்பதை ‘கே’ என்றும் ஒரு ‘ர’ என்றும் படிப்பார்கள். பரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு முழு எழுத்தையும் தனி எழுத்துப்பெட்டியாக வைத்துக் கையால் நகர்த்து. ஊர்ப் பெயருக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நாட்டுப் பெயருக்கு நோட்டோ செரிஃப் தமிழ், இந்த இரண்டு எழுத்துரு போதும். எழுத்துக்குப் பின்னால் நிலத்தின் நிறத்தில் 3 பிக்சல் விளிம்பு கொடு. விளிம்பு நிரப்பு நிறத்துக்கு அடியில் போகும்படி வரிசையை மாற்று, இல்லாவிட்டால் சுழியை அடைத்துவிடும். 24 பிக்சலுக்குக் கீழே எந்த எழுத்தும் வேண்டாம்.

பெயரும் நிலத்தைச் சொல்ல வேண்டும். துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம், துருத்தி என்றால் ஆற்றின் நடுத்திட்டு, பட்டினம் என்றால் கடலோரம். உன் மலை உச்சியில் ஒரு பட்டினம் இருக்கிறது. மாற்று.

அடுத்தது சண்டைக் களத்தின் தனிப் படம். அதற்கு மதகைத் தவிர வேறு இடம் தேடாதே. கட்டம் ஒன்று 5 அடி. குறுக்கே 30 கட்டம், ஆற்றோட்டத்தில் 21 கட்டம் எடு. குறுக்கே இரண்டு கரைக்கும் எட்டெட்டுக் கட்டம்: ஆற்றுப்பக்கச் சரிவு 2, கரை மேல் பாதை 2, வயல் பக்கச் சரிவு 3, வயல் 1. நடுவே 14 கட்டம் ஆறு. மதகில் தண்ணீர் போகும் வாய், அதாவது கண், ஐந்து; ஒவ்வொன்றும் 2 கட்டம். கண்ணுக்கு நடுவே நான்கு தூண், ஒவ்வொன்றும் 1 கட்டம். நீளவாக்கில் மேல்பக்கம் 8, மதகும் பாலமும் சேர்ந்து 3, கீழ்ப்பக்கம் 10. பாலத்துக்கு 5 அடி கீழே மேல்நீர், 12 அடி கீழே கீழ்நீர். இந்த வித்தியாசத்தை நிறத்தில் காட்டு: மேலே அடர்ந்த அமைதியான நீலம், கீழே வெளிறிய நுரை. இது தெரியாவிட்டால் மதகு வெறும் பாலமாகிவிடும். மதகுக்கு அப்பால் 4 கட்டம் கல் தளம், அதை ஒட்டி மடு. விழுகிற தண்ணீர் தளம் முடிகிற இடத்தில் மண்ணைப் பறித்து ஆழமாக்கிவிடும். ஆழம் தெரியாமல் குதிக்கிறவனுக்கு அது பெரிய ஆபத்து. ஆட்டத்தின் ஒரு சுற்றில் 30 அடி நடக்கிறவன் 70 அடிப் பாலத்தைத் தாண்ட மூன்று சுற்று ஆகும். அதற்குள் எதிரி ஷட்டரின் திருகுச் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு கண்ணாகத் திறக்கலாம். கரைச் சரிவை நடையை மெதுவாக்கும் கடின நிலமாக வை.

களம் வரையும் மென்பொருளான டன்ஜன்டிராஃப்டுக்குத் தென்னை, மூங்கில் கொத்து, நாணல் நீயே வரைந்தால் கட்டத்துக்கு 256 பிக்சல், பின்னணி இல்லாத பி.என்.ஜி. கூடவே வரும் பொருள்களின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்த்து அதே பக்கம் விழும்படி வரை. ஒரு தென்னை மட்டும் எதிர்ப்பக்கம் நிழல் விட்டாலும் முழுப் படமும் ஒட்டுவேலையாகத் தெரியும்.

இணையத்தில் ஆடுவதென்றால் கட்டம் பிரிக்கும் கோடுகளைப் படத்தோடு சேர்த்து ஏற்றுமதி செய்யாதே. இணையத்தில் ஆட உதவும் மென்பொருள்களில் ரோல்20 வழக்கமாகக் கட்டத்துக்கு 70 பிக்சல், ஃபவுண்ட்ரி 100. முதலாவதற்கு 2,100க்கு 1,470. இரண்டாவதற்கு 3,000க்கு 2,100. ஓரத்தில் ஒரு பிக்சல் கூடினாலும் கடைசி வரிசையில் பொம்மை கட்டத்தை விட்டு நகர்ந்து நிற்கும்.

தாளில் அடிப்பதென்றால் கட்டம் பிரிக்கும் கோடுகளோடு 4,500க்கு 3,150 எடு, அங்குலத்துக்கு 150 புள்ளி (டி.பி.ஐ.) போதும். கட்டம் ஒரு அங்குலம். ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வைத்தால் 10க்கு 7 கட்டம் ஓரம் விட்டு அழகாக அமரும். மூன்றுக்கு மூன்று, ஒன்பது தாள். பிரிண்டரில் ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் வை. முதல் தாளை மட்டும் அடித்து ஸ்கேல் வைத்துப் பார், பத்துக் கட்டம் 25.4 சென்டிமீட்டர் வர வேண்டும். வந்தால் மீதி எட்டையும் அடி. பொங்கலுக்கு வரும்போது அட்டையில் ஒட்டி எடுத்து வா, திண்ணையில் விரித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா