வானொலியில் பெயர் வராத உங்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

கோயில் மண்டபத்தில் பதிவான நம் கலைமாலை போன ஞாயிறு இரவு வானொலியில் ஒலித்தது. நாகஸ்வரத்தையும் நாடகத்தையும் எல்லோரும் மனதாரப் பாராட்டுகிறார்கள். கலைஞர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசித்துவிட்டார். வாசிக்கப்படாத பெயர்கள் நிறைய. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, வாய்க்காலுக்குத் தென்புறம் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு. சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டிய நேரம் அது. மும்முனை மின்சாரம் இருக்கும்போது மோட்டாரை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா? ஒலிப்பதிவு முடியும்வரை ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. குறுவை அறுவடை இயந்திரத்தை வரப்போரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஓட்டுநர் தம்பிக்கும், அந்த நேரத்து வாடகையைத் தன் கையிலிருந்து கொடுத்த வயல்காரருக்கும் என்ன சொல்வது! ஹார்ன் அடிக்காமல் மண்டபத்தைக் கடந்துபோன மினி பஸ் ஓட்டுநரையும் மறக்க முடியாது.

நாடகத்தில் ஆற்றங்கரை உடைகிற காட்சியைக் கேட்டுப் பலர் பதறிப்போனதாகச் சொன்னார்கள். அது நம் மகளிர் குழுப் பெண்களின் கைவண்ணம். வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் அண்டாத் தண்ணீரை அளைய, இன்னொருவர் மைக்குக்குப் பக்கத்தில் முறத்திலிருந்து நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தார். கரைமண் பொலபொலவென்று விழுவதுபோலவே இருந்தது. நடித்த பிள்ளைகளும் வசனத் தாள்களின் பின்னை எடுத்துவிட்டு, சரசரப்பு கேட்காமல் ஒவ்வொன்றாக நகர்த்தப் பழகியிருந்தார்கள்.

தவில் வித்வான் ஐயாவுக்குத் தனி வணக்கம். மைக்கை விட்டுத் தள்ளி, தூண் ஓரமாக உட்காரும்படி ஒலிப்பதிவாளர் கேட்டபோது, அத்தனை அனுபவம் உள்ளவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய் உட்கார்ந்தார். அதனால்தான் நாகஸ்வரத்தின் சன்னமான பிடிகள்கூடத் தெளிவாக விழுந்தன.

கவிதை வாசித்த நடவுப் பெண்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும், எல்லோருக்கும் கிச்சடி கிளறிப் போட்ட சமையல்காரருக்கும் நன்றி.

திருச்சி வானொலி 1939 மே 16 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து நம் டெல்டா வித்வான்கள் எத்தனையோ பேரை ஊரெல்லாம் கேட்டது வானொலியால்தான். திருவையாற்று ஆராதனைக்குப் போக முடியாதவர்கள் பஞ்சரத்னத்தை வானொலி வைத்துத்தானே கேட்டார்கள்? இத்தனைப் பேரைக் கேட்ட காதுகள் நம் ஊர்ப் பிள்ளைகளின் குரலையும் கேட்டதில் எங்களுக்கு அளவில்லாத சந்தோஷம். நம் மண்டபம் தேடி வந்து பொறுமையோடு பதிவுசெய்த வானொலிக் குழுவினருக்கு எங்கள் வணக்கம்.

அப்புறம் ஒரு தகவல். நிகழ்ச்சியின் பதிவு ஊர் நூலகத்தில் இருக்கிறது. தவறவிட்டவர்கள் பென் டிரைவோடு வந்தால் ஏற்றித் தருவோம். மோட்டாரை நிறுத்தியவர்கள் அலைய வேண்டாம், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
விழாக் குழுவினர்