கட்டம் சின்னது

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்சப்பில் பேசினால் உன் அம்மா நடுவில் புகுந்து முறுக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்பாள், பேச்சு அங்கேயே போய்விடும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். (முறுக்கு வந்ததா? அதையும் எழுதிவிடு.)

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் திருப்பிச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. உங்கள் புரோகிராம் உள்ளே கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. விடையைக் கோப்பில் எழுதும்போதுதான் கெடுக்கிறது. புள்ளிக்குப் பிறகு 100 சைபர் போட்டு அப்புறம் 1234 என்று வருகிற அளவுக்குச் சின்ன எண் இருந்தால், நீங்கள் புரோகிராம் எழுதுகிற ஃபோர்ட்ரான் மொழி அதை 0.1234E-100 என்று எழுத வேண்டும்; E-க்குப் பின்னால் வருவது பத்தின் அடுக்கு. ஆனால் அடுக்குக்கு வழக்கமாக ஒதுக்குவது இரண்டு இலக்கம்தான். 100 என்றால் மூன்று ஆகிறது. இடம் போதாமல் நடுவில் இருக்கிற E-யை விழுங்கிவிட்டு 0.1234-100 என்று எழுதுகிறது. ஃபோர்ட்ரானே திரும்பப் படித்தால் அதற்குப் புரியும். பைத்தான் என்கிற இன்னொரு மொழி, இது எண்ணே இல்லை என்று சண்டைக்கு வரும். அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் சி மொழியில் எழுதி வைத்திருந்த குட்டிப் புரோகிராம் 0.1234 வரை படித்து, மைனஸைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இல்லாததற்குச் சமமான ஒன்று 0.1234 ஆகி உட்கார்ந்துகொண்டது, யாருக்கும் சத்தமே கேட்கவில்லை.

ஃபோர்ட்ரான் 1957-ல் வந்தது என்றாய். மெர்டேக்கா வருஷம், மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் இடம் அளந்துதான் கொடுத்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் படுத்தோம்.

எண் கட்டத்தில் அடங்காவிட்டால் வரிசையாக நட்சத்திரம் போட்டுவிடும் என்றும் சொன்னாயே, எனக்கு அது பிடித்தது. நட்சத்திரத்தைப் பார்த்தால் யாராவது வந்து கேட்பார்கள். அழகாக எழுதின தப்பு எண்ணை யார் கேட்கப் போகிறார்கள்?

அடுக்குக்கு மூன்று இடம் என்று ஒரு வரியை மாற்றினாய், இலக்கத்தையும் 17 ஆக்கிவிட்டாய், வேலை முடிந்தது. அந்த மாதிரிச் சின்ன எண்ணால் என்ன ஆகப் போகிறது, பழைய கோப்புகளைக் கிளறாதே என்று உன் மேலாளர் சொல்கிறார். அதுதானே உனக்கு உறுத்துகிறது? எனக்கும் அது ஒப்பவில்லை. வானிலை ஆராய்ச்சியாளர் லோரென்ஸ் கதையைச் சொன்னதே நீதான். 1961-ல் அவருடைய இயந்திரத்துக்குள் 0.506127 இருந்தது, தாளில் 0.506 என்று அச்சடித்தது. தாளில் இருந்ததையே திரும்பக் கொடுத்துக் கணக்கைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் வேறு வானிலையே வந்து நின்றது.

என் கதை அதைவிடச் சின்னது. உன்னிடம் சொன்னதில்லை.

ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து, மதியம் பால் கொட்டகையில் ஒவ்வொருவர் ரப்பர் பாலையும் நிறுத்து, மெட்ரோலாக் என்கிற மிதவைக் கருவியை விட்டுப் பார்த்து, எத்தனை சதவீதம் ரப்பர் என்று புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அச்சடித்து வந்த தாளில் அந்தக் கட்டம் சின்னது, இரண்டு எண்தான் பிடிக்கும். 34.6 என்றால் 34 என்று எழுதினேன். திருட வேண்டும் என்று இல்லை, கட்டம் அவ்வளவுதான். 30 கிலோ பாலுக்கு அந்த 0.6 என்பது 180 கிராம் ரப்பர். தினமும் அதே அளவு விட்டுப்போனால் 25 நாளில் நாலரைக் கிலோ. ஐந்தாம் நம்பர் லயத்தில் ஒரு ஆயா, படிக்கத் தெரியாது, தன் பாலைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைத்திருந்தது. சம்பளத்தன்று என்னைக் கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டியது. “தம்பி, ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் குறையுதே” என்று மட்டும் கேட்டது.

மறுநாளே பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்துப் புள்ளிக்கு இடம் செய்தேன். ஐந்து நிமிஷ வேலை. பழைய மாதங்களை விட்டுவிடச் சொன்னார் தோட்டத்துத் துரை, போனது போகட்டும் என்றார். நான் விடவில்லை. புள்ளியோடு எழுதின பென்சில் துண்டுச் சீட்டுகள் கொட்டகை டின்னில் கிடந்தன. மண்ணெண்ணெய் விளக்கில் நான்கு இரவு உட்கார்ந்து எட்டு மாதத்தையும் திரும்பக் கூட்டினேன். துரை இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் பாக்கி போனது. இரண்டு குடும்பத்துக்கு மட்டும் போகவில்லை. அதற்குள் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. முன்பே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அந்தப் புரோகிராமை யார் யார் எடுத்துப் போனார்கள் என்று பட்டியல் இருப்பதாகச் சொன்னாய். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எழுதின கோப்பு, எந்த மாதிரி எண் கெட்டிருக்கும், E இல்லாத வரியை எப்படித் தேடுவது என்று நாலு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பு. மேலாளர் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

இங்கே சாயங்காலமானால் மழை. நம் பழைய பால் காடு முழுக்க இப்போது செம்பனை. அம்மா அடுத்த பார்சலுக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள், வேண்டாம் என்றால் இந்த வாரமே சொல்.

அப்பா