நம்ம கார்டுக்கு 470தான்

பாம்பன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. கடையில் நிவாரண மனு எழுத வருகிற கூட்டம். வேளைக்குச் சாப்பிடு.

போன திங்கட்கிழமை கடைக் கம்ப்யூட்டர் இருண்டுபோச்சு தாயி. ஃபேன் ஓடுது, மானிட்டர் மூலையில் வெள்ளைக் கோடு ஒன்று மினுக்குது, அவ்வளவுதான். புதுசுதானே நல்லதுன்னு தம்பி நம்ம உபுண்டு சிஸ்டத்தில், கார்டை வேலை செய்யவைக்கிற மென்பொருளான டிரைவரில் 535ஐப் போட்டிருக்கிறான். திரைக்குப் படம் அனுப்புகிற நம்ம ஜிடி 710 கார்டுக்கு 470 வரிசை டிரைவர்தான் கடைசி என்று நீ நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தும் அவன் பார்க்கவில்லை. அது தெரியாமல் நான் கார்டைக் கழற்றி, உப்புக்காத்தில் பச்சை பூத்திருந்த முனையை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. ஆபீஸில் இருந்திருப்பாய். பெரியத்தை மகன் என்னமோ சொன்னான், நான் காதில் வாங்கவில்லை. கையில் காசு இருக்கிறதா?

நோட்டைப் பார்த்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். கறுப்புத் திரையில் பெயர் கேட்டது. 'பாஸ்வேர்டு அடிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது, பயப்படாம அடிங்கப்பா' என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. 535ஐ எடுத்துவிட்டு, சுடோ ஆப்ட் இன்ஸ்டால் என்விடியா-டிரைவர்-470 என்று எழுத்துக்கூட்டி அடித்தேன். நடுவில் சின்னக் கோடு விட்டுப்போய் இரண்டு தடவை தப்பாச்சு. ரீபூட் ஆனதும் நீ எடுத்த குந்துகால் படம் பளிச்சென்று வந்தது. வந்திருந்தவர்களிடம் எல்லாம் என் மகள் நோட்டு என்று காட்டினேன்.

இன்ஸ்டால் ஓடி முடிகிறவரை கரண்ட் போய்விடக்கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ பன்னிரண்டாவது படிக்கிறபோது ராத்திரி இரண்டு மணிக்கு இதே வேலையாக உட்கார்ந்திருந்தாய். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கென்று நான் பிளக்கைப் பிடுங்கினேன். பாதி ஓடிக்கொண்டிருந்தது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தாய். நான் செய்தது தப்பு, தாயி. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததும் தப்பு.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வா. புதுப் பாலத்தில் ரயில் ஓடுது. எந்த ரயில் என்று மட்டும் சொல், ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். போனை எடு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா